கடல்கட்டியும் கவுன்சலரும்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கும் ஈழத்துக்கும் இடைப்பட்ட கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் குறித்து வைத்திருக்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒன்று. பெரிய மீன்கள் குளியாட்களைத் தீண்டாதபடி மந்திரம் போட்டுக் கட்டுபவருக்கு இருபதில் ஒன்று. கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் மந்திரக்காரரே அதை அவிழ்த்துவிடுவார். இரவில் எவனும் திருட்டுத்தனமாக இறங்கிச் சிப்பி அள்ளிவிடக் கூடாதே! ஆன்மிகமும் வணிகமும் இவ்வளவு ஒழுங்காகக் கைகோத்த இடம் வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

ஆறு நூற்றாண்டு கழித்தும் அந்தப் பங்குக்காரர் போய்விடவில்லை. மன்னார் வளைகுடாவில் அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். 1803-இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவலும், 1859-இல் எழுதிய எமர்சன் டென்னன்ட்டும் அவரைச் சற்று எள்ளலோடு வருணிக்கிறார்கள். சுறாவைக் கட்டும் ஆற்றல் ஒரு குடும்பத்தில் வழிவழியாக வருவது. டென்னன்ட் காலத்துக் கடல்கட்டி ஒரு கிறிஸ்தவர். மந்திரம் பலிப்பதற்கும் அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பதற்கும் சம்பந்தமில்லை என்பது குளியாட்களின் துணிபு. அவர் இல்லாமல் ஒருவனும் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டான். அதனால் மூடநம்பிக்கை என்று எழுதிய நிர்வாகமே அவரை வைத்துக்கொண்டுதான் குளிப்பை நடத்தியது. சுறாவால் செத்தவர்கள் மிகக் குறைவு என்பதும் பதிவாகியிருக்கிறது. அத்தனை படகும் அத்தனை ஆட்களும் எழுப்பிய இரைச்சலில் சுறா விலகிப் போயிருக்கும் என்று விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். கடல்கட்டியின் வேலை சுறாவிடம் இருந்ததா, குளியாளிடம் இருந்ததா என்ற கேள்வியை மட்டும் அவர்கள் கேட்கவில்லை.

குளியாளிடம்தான் இருந்தது என்று எனக்குப் படுகிறது. ஒன்று, ஒன்றரை நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டு கண் தெரியாத ஆழத்துக்குள் போகிறவனுடைய அச்சத்தை, கூலிக்கு வாங்கிக் கரையில் வைத்துக்கொள்ள ஒரு மனிதர் இருந்தார். அந்த ஏற்பாட்டின் பலம் அதுதான். பலவீனமும் அங்கேயே இருந்தது. அச்சத்தைக் கைமாற்றிக் கொடுத்தவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பேசாமலே தலைமுறை தலைமுறையாக இறங்கினான்.

பேச வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு முறை ஐரோப்பாவில் வேறு வழியாக வளர்ந்தது. அச்சத்துக்குக் கண்ணெதிரே ஒரு பொருள் உண்டு, பதற்றத்துக்கு அப்படி எதுவும் இல்லை என்று 1844-இல் மெய்யியலாளர் கீர்க்கெகார்ட் பிரித்துக் காட்டினார். சுவிட்சர்லாந்தின் உளமருத்துவர் பின்ஸ்வாங்கர் மெய்யியலை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். நாஜி முகாம்களிலிருந்து உயிரோடு வந்த விக்டர் பிராங்கல் 1946-இல் தன் அனுபவ நூலை வெளியிட்டார். அமெரிக்காவில் ரோலோ மே 1950-இல் பதற்றத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். இவற்றையெல்லாம் திரட்டி 1980-இல் உளமருத்துவர் இர்வின் யாலோம் எழுதிய நூல்தான் இருத்தலியல் உளச்சிகிச்சையின் பாடநூலாக இன்றும் இருக்கிறது. மனிதனை அடியில் இருந்து ஆட்டுவிப்பவை நான்கு என்கிறார் அவர்: சாவு, சுதந்திரம் என்ற சுமை, எவராலும் முழுமையாகத் தீர்க்க முடியாத தனிமை, வாழ்வுக்குத் தயாராக வைக்கப்பட்ட பொருள் எதுவும் இல்லை என்பது. இந்த நான்கையும் முகத்துக்கு நேரே பார்க்க ஒருவருக்குத் துணை நிற்பதே சிகிச்சை. குணமாக்கித் தருகிறேன் என்று அது வாக்குக் கொடுப்பதில்லை.

தூத்துக்குடிக் கரையில் இந்த அடிப்படைக் கருத்தை எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குப் போனவன் திரும்பாமலும் போகலாம் என்பது இங்கே படித்துத் தெரிந்துகொள்கிற செய்தியில்லை. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சடக்கி இறங்கிய காலம் போய், சிலிண்டரோடும் கம்ப்ரசர் குழாயோடும் இறங்கும் காலம் வந்திருக்கிறது. ஆழத்தில் கூடுதல் நேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டுகளையும் முதுகுத்தண்டையும் முடக்கிப்போடும். அவர்கள் எடுத்து வரும் சங்கு வங்காளத்துக்குப் போய் மணப்பெண்ணின் வளையலாகிறது. அங்கே சுமங்கலியின் அடையாளம், இங்கே அதை எடுக்கப் போனவன் மனைவியின் நெஞ்சில் நெருப்பு. இவளுடைய பதற்றத்தை நோய் என்று குறித்து ஒரு மாத்திரை எழுதிக் கொடுப்பதைவிட, ‘நீங்கள் பயப்படுவதில் தவறில்லை, பயத்தோடு எப்படி இருப்பது என்று பார்ப்போம்’ என்று தொடங்கும் மருத்துவம் மேலானது. இருத்தலியல் சிகிச்சையின் முதல் நேர்மை இது. மனநலத் துறையில் இந்த நேர்மை அவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை.

பலன் உண்டா என்று கேட்டால், பாதி ஆமாம் என்பதே பதில். 2015-இல் வோஸ், கிரெய்க், கூப்பர் மூவரும் இருத்தலியல் சார்ந்த சிகிச்சைகளைச் சோதித்த 15 ஆய்வுகளை, 1,792 பேரின் தரவுகளோடு தொகுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பலர் புற்றுநோய் போன்ற உடல்நோயோடு இருந்தவர்கள். வாழ்வின் பொருளை மையமாக வைத்து, அமர்வுக்கு அமர்வு திட்டமிட்டு நடத்திய முறைகள் நன்றாகவே உதவின. உணர்வைக் கொட்டித் தீர்க்க இடம் தரும் குழு முறைகளின் பலன் சிறிது. மெய்யியல் வாடை அதிகம் அடிக்கும் முறைகளிலோ குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை, அவற்றில் நடந்த ஆய்வுகளும் ஓரிரண்டுதான். ‘சாவை எதிர்கொள்’ என்று பொதுவாகச் சொல்வது போதாது, நாளை காலை எழுந்து எதற்காக இயங்குவது என்பதைக் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று இந்த முடிவுகளை நான் வாசிக்கிறேன். மெய்யியலாளர் ஹைடெக்கரை மேற்கோள் காட்டும் ஆலோசகர்களுக்கு இது உவப்பான செய்தியாக இருக்காது.

இனி குறைகள். சாவை மறக்க மனிதர்கள் இரண்டு பொய்களைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது யாலோமின் புகழ்பெற்ற கருத்து. ஒன்று, எனக்கு மட்டும் நேராது என்ற எண்ணம். மற்றொன்று, கடைசி நேரத்தில் ஒருவர் வந்து காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை. தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொள்ளும் யாலோம், நம்பிக்கையாளர்களிடம் கனிவாகத்தான் பேசுகிறார். ஆனாலும் இரண்டாவது பொய்யின் பட்டியலில் தூத்துக்குடியின் பனிமய மாதாவும் வந்துவிடுகிறாள். மணிலாவிலிருந்து 1555-இல் வந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சுரூபத்துக்கு முன்னால், ஆகஸ்ட் 5 திருவிழாவில் கூடுகிறவர்கள் சாவை மறந்தவர்களா? நேர்ச்சை வைத்துவிட்டுக் கடலுக்குப் போகிறவன், நேர்ச்சை வைத்தவனும் மூழ்கியதைத் தன் தெருவிலேயே பார்த்தவன். சாவைத் தெரிந்துகொண்டே, அதோடு சேர்த்து மாதாவையும் வைத்துக்கொள்கிறான். இதை மறுப்பு என்று ஒரு சிகிச்சையாளர் புரிந்துகொண்டால், எதிரே இருப்பவர் அடுத்த வாரம் வர மாட்டார். வராததும் நல்லதுதான்.

தனிமை பற்றிய கருத்திலும் இதே கோளாறு. முத்துக்குளிப்பில் குளியாளின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவனுடைய மைத்துனன் என்று ஒரு சொல்வழக்கு நம் ஊர்ப் பக்கம் உண்டு. உயிரைக் கொடுத்தாவது இழுப்பான், தங்கையின் தாலி ஆயிற்றே என்பது அதன் கணக்கு. எல்லாப் படகிலும் அப்படித்தான் இருந்ததா என்பது வேறு விஷயம். அந்தச் சொல்வழக்கில் தெரியும் மனித உருவத்தைப் பாருங்கள். மேலே இருப்பவர் மேல் வைத்த நம்பிக்கையில்தான் கீழே இருப்பவனின் தைரியம் தொங்குகிறது. ‘கடைசியில் நீ தனியாகத்தான் இருக்கிறாய்’ என்பது இவனைப் பொறுத்தவரை தத்துவ உண்மையாக இல்லை, விபத்துச் செய்தியாகத்தான் காதில் விழும். இலங்கையில் சுனாமிக்குப் பிறகு உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ செய்த ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது. அங்குள்ளவர்கள் தங்கள் துயரத்தை மனத்துக்குள் நிகழ்ந்த சேதமாகச் சொல்லவில்லை. குடும்பத்திலும் ஊரிலும் தன் இடம் போய்விட்டது என்பதாகவே சொன்னார்கள்.

இவ்வளவு சொன்னதும் ஊர்க்கூட்டத்தைக் கோயிலாக்கி வணங்கத் தோன்றும். அந்தச் சபலத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. கயிற்றைப் பிடிக்கும் அதே கைகள் வாயையும் பொத்தும். படகு கவிழ்ந்து ஒரு முழு இரவு நீந்திக் கரைசேர்ந்தவன், மறுவாரம் கடலைப் பார்த்தாலே கை நடுங்குகிறது என்று யாரிடம் சொல்வான்? தகப்பனிடம் சொன்னால் வெட்கம். கூட்டாளிகளிடம் சொன்னால் கேலி. முன்பணம் வாங்கிய இடத்தில் சொன்னால் கடனை உடனே திருப்பிக் கேட்பார்கள். சொல்லாமல் குடிக்கிறான். கணவனை இழந்தவள் ‘எனக்கு அழுகையே வரவில்லை’ என்றோ, ‘அவர் போனதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருக்கிறது’ என்றோ பங்கின் எந்த அன்பியச் செபக் கூட்டத்தில் வாய் திறக்க முடியும்? கடவுள் சித்தம் என்ற இரண்டு சொற்கள் எத்தனையோ பேரைத் தாங்கியிருக்கின்றன. சற்று அவசரமாகச் சொல்லப்பட்டபோது எத்தனையோ பேரின் பேச்சை நடுவில் வெட்டியும் இருக்கின்றன. இந்த இடத்தில் உறவில்லாத, ஊர்க்காரர் இல்லாத, தீர்ப்புச் சொல்லாத ஒருவர் தேவை. கவுன்சலர் அந்நியர் என்பது குறையில்லை, அதற்காகத்தான் அவரிடம் போவது. கடல்கட்டியால் செய்ய முடியாததை அவர் செய்கிறார்.

யாலோம் எழுதிய வடிவிலேயே இந்தச் சிகிச்சை அப்படியே பொருந்தும் ஒரு கூட்டமும் இங்கே உண்டு. 1974-இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் சரக்குக் கப்பல்களுக்குப் போன மாலுமிகள். மாதக்கணக்கில் ஒரே அறை, ஒரே நாலு முகம், கரையில் கல்யாணமும் கருமாதியும் அவர்களில்லாமல் நடந்து முடியும். 2020-இல் கொரோனாக் காலத்தில் துறைமுகங்கள் ஆள்மாற்றத்துக்குக் கதவடைத்தபோது உலகெங்கும் நான்கு லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே கிடந்தார்கள் என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் மதிப்பீடு. எதற்காக இந்த வேலை, யாருக்காக இந்தச் சம்பளம் என்ற கேள்வி நள்ளிரவில் எழும்போது கயிறு பிடிக்க மைத்துனன் இல்லை. கைப்பேசி இருக்கிறது. இவரிடம் சுதந்திரம், தேர்வு, தனிமை என்று பேசலாம், அவர் ஏற்கெனவே அதைத்தான் தன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில், அண்ணனுக்குப் பொருந்தாத மருந்து தம்பிக்குப் பொருந்தும். பண்பாட்டை முன்வைத்து மேலைச் சிகிச்சையை மொத்தமாகத் தள்ளுகிறவர்கள் இந்தத் தம்பியைக் கணக்கில் எடுப்பதில்லை.

என் பெரிய மனக்குறை வேறு. மனிதனாகப் பிறந்ததால் வருகிற பதற்றத்தையும், மனிதர்கள் செய்ததாலும் செய்யாமல் விட்டதாலும் வருகிற பதற்றத்தையும் இருத்தலியல் சிகிச்சை ஒரே படுக்கையில் கிடத்துகிறது. சாவு பொது. ஆனால் 2017 நவம்பர் 30-இல் குமரிக்குத் தெற்கே ஒக்கி புயலாக மாறியபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் அறிவித்த எச்சரிக்கை அவர்களுடைய படகை எட்ட வழியில்லை. அந்தச் சாவுகளில் விதியின் பங்கு எவ்வளவு, இல்லாத தகவல் கருவியின் பங்கு எவ்வளவு, தாமதமாகத் தொடங்கிய தேடுதலின் பங்கு எவ்வளவு? டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் குழித்துறையில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். சாவின் அர்த்தம் என்ன என்று கேட்க அவர்கள் அங்கே போகவில்லை. தேடு என்று கேட்கப் போனார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியிருந்தது கப்பலும் ஹெலிகாப்டரும். கவுன்சலிங் அதற்குப் பிறகு.

தூத்துக்குடி நகரத்துக்கும் இதே கதை உண்டு. காற்றையும் நீரையும் பற்றிய ஊராரின் பயம் ஆண்டுக்கணக்கில் புகார் மனுவாக இருந்தது. 2018 மே 22-ஆம் தேதி ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்பு ஊர்வலத்தின்மீதும் மறுநாளும் காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்தத் தெருக்களில் தூக்கம் போனவர்களிடம், வாழ்வின் நிச்சயமின்மையை ஏற்றுக்கொள்வது எப்படி என்று எவரேனும் வகுப்பெடுத்தால் அது ஆறுதலாக இருக்காது, அவமதிப்பாக இருக்கும். சிகிச்சையாளர் போராட்டக்காரராக மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதிரே இருப்பவரின் பயத்துக்கு முகவரி இருக்கிறதா இல்லையா என்று முதலில் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். முகவரி இருக்கும் பயத்தைத் தத்துவத்தால் தடவிக்கொடுப்பது, செய்தவர்களுக்குச் செய்யும் உதவியாகிவிடும். கீர்க்கெகார்ட் பிரித்துக் காட்டியதும் இதைத்தானே.

கடலில் காணாமல்போனவர்களின் வீடுகளில் இந்த இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. அமெரிக்கக் குடும்ப உளவியலாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராயத் தொடங்கி, 1999-இல் ஒரு நூலாக எழுதினார். உடல் கிடைக்காத இழப்பில் துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது, அது அந்தக் குடும்பத்தின் பலவீனம் இல்லை, சூழ்நிலையின் இயல்பு என்பது அவர் கண்டது. முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், ‘போயிருக்கலாம், வரவும் செய்யலாம்’ என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு வாழப் பழக உதவுங்கள் என்றார். இருத்தலியல் மரபு தந்தவற்றில் இந்தக் கரைக்கு மிகப் பயன்படக்கூடியது இந்தக் கருத்துதான் என்று தயங்காமல் சொல்வேன், பாஸ் தன்னை அந்த மரபுக்காரராகச் சொல்லிக்கொள்ளாவிட்டாலும். ஆண்டுப் பூசைக்கு எந்தத் தேதியைக் கொடுப்பது, கல்லறைத் திருநாளன்று எந்தக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவது, நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விகளுக்கு நடுவில் வாழும் பெண்ணுக்கு, இரண்டும் உண்மை என்று ஒருவர் சொல்வதே பெரிய விடுதலை.

ஆனால் அரசாங்கத்தின் காகிதத்தில் இரண்டும் உண்மையாக இருக்க இடமில்லை. ஏழாண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்வது நம் சாட்சியச் சட்டத்தின் வழக்கம். ஒக்கிக்குப் பிறகு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, காணாமல்போனவர்களை இறந்தவர்களாகக் கருதி நிவாரணம் வழங்கினார்கள். கருணையான முடிவு, மறுப்பதற்கில்லை. பிள்ளைகள் பட்டினி கிடக்காமல் இருந்தார்கள். அதே முடிவு ஒரு பெண்ணிடம், பணம் வேண்டுமென்றால் கணவன் செத்துவிட்டான் என்பதை ஏற்றுக்கொள் என்றும் சொல்லாமல் சொல்லிவிட்டது. அக்கரையில் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். இலங்கையில் 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழை வழங்க வகை செய்தது. சொத்து, வங்கி, உதவித்தொகை வேலைகளை அதை வைத்து நடத்தலாம், எவரையும் சாகடிக்க வேண்டியதில்லை. பாலின் பாஸின் முழு நூலையும் ஒரு தாளில் மடித்தது போன்ற சட்டம். இருந்தும் வடக்கில் 2017-இலிருந்து தெருவோரம் போராடிவரும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்களில் பலர், எந்தச் சான்றிதழும் இழப்பீடும் வேண்டாம், என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்கிறார்கள். அங்கே கொண்டுபோனது கடல் இல்லை, மனிதர்கள். முகவரி உள்ள இழப்பு. காகிதம் எவ்வளவு நயமாக எழுதப்பட்டாலும் அங்கே போதாது. கடல் கொண்டுபோன இடத்தில் போதலாம். நம் மீனவர்களுக்கு அப்படி ஒரு சான்றிதழைக் கேட்பது மனநலக் கோரிக்கைதான் என்பது இங்குள்ள மனநல வல்லுநர்களுக்கு ஏன் தோன்றவில்லை?

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இன்னொரு பாதை காட்டினார். ‘மனவடு’ என்று தமிழிலேயே நூல் எழுதியவர் அவர். துயரம் தனி மனத்தில் மட்டும் இல்லை, ஊர் முழுவதும் சிதைந்திருக்கிறது என்று சொல்லி, ஊரின் சடங்குகளையே சிகிச்சைக்குத் துணையாகக் கொண்டார். மனத்தைத் தளர்த்தும் பயிற்சியில் இந்துவுக்கு ஓம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, முஸ்லிமுக்கு தஸ்பீஹ் என்று அவரவர் நாவில் பழகியதை வைத்தார். பனிமய மாதாவிலிருந்து காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூருக்கு ஒரே சாலையில் போய்விடலாம் என்கிற இந்தக் கரைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற முறை. எனக்கு இதில் ஒரு சின்ன உறுத்தல் உண்டு. ஜெபமாலையை மூச்சுப் பயிற்சியாக மட்டும் உருட்டச் சொன்னால், அதை உருட்டுகிற பாட்டிக்குத் தான் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியும், சொல்லிக்கொடுத்தவருக்குத்தான் தெரியாது. சடங்கைக் கருவியாக எடுப்பவர் அது யாருடைய வீட்டுக் கருவி என்பதை மறக்கக் கூடாது.

வாழ்வின் பொருள் பற்றிச் சிகிச்சை எளிதாகப் பேசிவிடுகிறது என்பதும் என் மனத்தாங்கல். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. முத்துப் பார்களில் சிப்பி இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன, தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவின் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கிறது. முத்துநகர் என்ற பெயர் ரயிலில் ஓடுகிறது. ஒரு குலம் எதை வைத்துத் தன்னை அறிந்ததோ அது இல்லாமல்போனால், புதிய அர்த்தத்தைத் தேடிக்கொள் என்று தனியாளிடம் சொல்வது என்ன பதில்? வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலில் தன் படகான வல்லத்தை விற்க மனம் வராத குரூஸ் மிக்கேலுக்கு எந்தச் சிகிச்சையாளர் என்ன வீட்டுப்பாடம் கொடுப்பார்? வல்லம் அவனுக்குப் பிழைப்பும், மானமும், தான் இன்னார் என்பதும். அதைப் புரிந்துகொள்ள யாலோமைவிட இந்த நாவல் உதவும். பயிற்சிக்கு வருகிற ஆலோசகர்களுக்கு இதைப் பாடமாக வைக்கலாம்.

ஆட்கள் எங்கே என்ற கேள்விக்கு நெடுநேரம் செலவிட வேண்டாம். பெங்களூரு நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாமலே இருந்தார்கள். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே ஆறு முதல் எட்டு அமர்வில் மனச்சோர்வைக் குறைக்க முடியும் என்று கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சுனாமிக்குப் பின் சென்னையில் ஸ்நேஹா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைச் சேர்ந்த லட்சுமி விஜயகுமார் தன்னார்வலர்களைக் கொண்டு செய்த பணியும் அதே திசையில் பலன் தந்தது. கூடவே ஓர் எச்சரிக்கை. பேரிடர் நடந்த கையோடு ஆட்களை உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் சொல்லச் சொல்லும் முறை உதவவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்திருக்கிறது என்று கோக்ரேன் தொகுப்பாய்வு எப்போதோ சொல்லிவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரைக்கு விமானமேறி வந்த ஆலோசகர்களில் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேச வைப்பது நல்லது என்பதற்காக எப்போது வேண்டுமானாலும் பேச வைக்கலாம் என்றாகிவிடாது. மூழ்கி எழுந்தவனிடம் முதலில் கேட்க வேண்டியது சாப்பிட்டாயா என்பது.

எப்போது என்பதற்கு இந்தக் கரையில் ஒரு நல்ல விடை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஆண்கள் கரையில் இருப்பார்கள். வலையைப் பழுதுபார்க்கும் இடத்தில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேருக்கு நடுவில், அவர்களுடைய தொழில் தெரிந்த, பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை வந்து உட்காரலாம். மருத்துவமனை வரிசையில் நின்று, பெயர் பதிந்து, பைத்தியம் என்று பெயர் வாங்க வேண்டியதில்லை. பெண்களுக்கு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு வீடாக வருகிற ஊழியரே முதல் காதாக இருக்கலாம். ஆனால் அந்த 61 நாளில்தான் வருமானம் நிற்கிறது, வட்டி ஏறுகிறது, முன்பணம் கொடுத்தவர் வாசலுக்கு வருகிறார். தடைக்காலத்தில் தூக்கம் வரவில்லை என்று சொல்கிறவனிடம் சாவைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், எவ்வளவு கடன், யாரிடம், எத்தனை வட்டிக்கு என்று கேட்கத் தெரிந்தவராக அந்த ஆலோசகர் இருக்க வேண்டும்.